இரண்டாம் பாகத்து மந்திரவாதி

என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் சவரம் செய்துகொள்ளவில்லை. அதற்கு மறுநாளும் செய்யவில்லை. கரண்ட் ஆபீஸில் மீட்டர் ரீடிங் எடுக்கிற வேலையில் இந்த மலையை ஊர் ஊராக ஏறி இறங்கியவர். வேலையில் இருந்தவரை முள்ளுத் தாடியோடு ஒரு நாளும் கிளம்பியதில்லை. "அடுத்தவங்க ஊட்டுக்குள்ள போறவன் மொகம் சுத்தமா இருக்கோணும் அம்மிணி" என்பார். இனி யார் வீட்டுக்குள்ளும் போக வேண்டியதில்லை என்று ஆனதும் தாடியை அதன் போக்குக்கு விட்டுவிட்டார்.

அது நாங்கள் யாரும் எதிர்பார்க்காத தாடியாக வளர்ந்தது. மோவாயில் கறுப்பு, கன்னங்களில் வெள்ளை, காதோரம் ஒரு மாதிரி செம்பட்டை. ஏற்காடு ஏரிக்கு எதிரே நான் காப்பித்தூளும் மிளகும் தைலமும் விற்கும் கடை வைத்திருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு அவர் அங்கே வந்து உட்கார ஆரம்பித்தார். டூரிஸ்டுகள் என்னைத் தாண்டி அவரிடம் போய் "சாமி, இது எந்தச் சீக்குக்குங்க?" என்று தைல பாட்டிலை நீட்டுவார்கள். அவர் பாட்டிலில் ஒட்டியிருப்பதை வாசித்துக் காட்டுவார். அவ்வளவுதான். ஏதோ அருள்வாக்கு கேட்ட மாதிரி கைகூப்பி வாங்கிக்கொண்டு போவார்கள்.

ஒரு நாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஓர் இளைஞர் தைலம் வாங்க வந்தார். குளிர் தாங்காமல் கழுத்தில் துண்டைச் சுற்றியிருந்தார். மிளகு நிறுத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. என்னைக் கொஞ்சம் முறைச்சுப் பாருங்க."

இவருக்கு ஒன்றும் புரியவில்லை. யாராவது மரியாதையாகக் கேட்டால் செய்துவிடுகிற சுபாவம். முறைத்தார். கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுகிறவர் மாதிரி இருந்தது.

"கோவம் வேண்டாம் சார். ஒண்ணுமே பண்ணாம சும்மா பாருங்க."

சும்மா பார்த்தார்.

"அதான்! அதேதான் சார்!" என்று அந்த இளைஞர் தைல பாட்டிலைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்.

அவர் ஒரு சினிமா டைரக்டர் என்பது அப்புறம்தான் தெரிந்தது. பேய்ப் படம் ஒன்றின் இரண்டாம் பாகத்தை எடுக்க வந்திருந்தார். முதல் பாகத்தை வேறு யாரோ எடுத்தார்களாம். தியேட்டரில் ஓடாமல் போனாலும் செல்போனில் நிறையப் பேர் பார்த்தார்களாம். அதனால் இருக்கிற காசுக்கு இரண்டாம் பாகம் எடு என்று இந்த இளைஞரிடம் கொடுத்திருக்கிறார்கள். முதல் பாகத்தில் ஒரு மந்திரவாதி பேயைச் செப்புக் குடத்தில் அடைத்துப் புதைத்துவிட்டுப் போவார். அந்த நடிகர் இப்போது சீரியலில் பிஸி. ஆகவே இரண்டாம் பாகத்தில் அந்த மந்திரவாதியின் அண்ணன் வருவதாகக் கதையை மாற்றியிருந்தார்கள். அந்த அண்ணனைத்தான் டைரக்டர் தேடிக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டிவியில் பேய்ப் பட விளம்பரம் வந்தாலே "கொழாய மூடுனமா?" என்று கேட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார். விளம்பரம் முடிந்த பிறகுதான் திரும்பி வருவார். எங்கள் மகள் சின்ன வயதில் இதை வைத்தே அவரை எழுப்பி விரட்டுவாள். அப்படிப்பட்டவர், "நம்ம பேயி இல்லீங்களே, பேயப் புடிக்கிற ஆளுதானுங்களே?" என்று ஒருமுறை உறுதி செய்துகொண்டு சரியென்று சொல்லிவிட்டார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு அவரை யாரும் எதற்கும் கூப்பிட்டிருக்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

டைரக்டர் ஏற்காட்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் பனிமூட்டம். செலவில்லாமல் கிடைக்கும் என்று நம்பி வந்திருந்தார். வாழவந்தி போகிற வழியில் பழைய எஸ்டேட் பங்களா ஒன்றை எடுத்து ஷூட்டிங் தொடங்கினார்கள். அன்றிலிருந்து மலையில் அப்படி ஒரு வெயில். ஏரி பளபளவென்று மின்னியது. டூரிஸ்டுகள் தொப்பி வாங்கினார்கள். டைரக்டர் காலையில் வானத்தைப் பார்ப்பார், என் கடைக்கு வந்து காப்பி குடிப்பார், மறுபடி வானத்தைப் பார்ப்பார். கடைசியில் சேலத்திலிருந்து கல்யாண மண்டபங்களுக்குப் புகை விடுகிற மெஷினை வாடகைக்குக் கொண்டுவந்தார்கள். அதைத் திருப்பி அனுப்பிய அன்று சாயங்காலமே மூட்டம் இறங்கியது. பங்களாவே தெரியாத அளவுக்கு இறங்கியது. கேமராவுக்கு முன்னால் நின்ற பேயை "அம்மா, எங்கம்மா இருக்கீங்க?" என்று கூப்பிட்டுக் கையைப் பிடித்துக் கூட்டிவர வேண்டியிருந்தது.

குகைக்கும் அதே கதிதான். சேர்வராயன் கோயில் குகையைப் பார்த்துவிட்டு டைரக்டருக்கு அங்கே ஒரு காட்சி எடுக்க ஆசை வந்துவிட்டது. கோயில் பக்கத்தில் இருந்தவர்கள் கோபப்படவில்லை. "சாமி இருக்கற எடத்துல பேய்க்கு என்னங்க வேலை? நீங்க கும்புட்டுட்டுப் போங்க, படம் நல்லா வரும்" என்று திருநீறு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை வைக்கிற கிடங்குக்குள் சாக்கையும் களிமண்ணையும் வைத்து ஒரு குகை செய்தார்கள். அதற்குள் போனால் காப்பி வாசனை ஆளைத் தூக்கும்.

அந்தக் குகையில்தான் இவருடைய பெரிய காட்சி. கறுப்பு வேட்டி, நெற்றி நிறையக் குங்குமம், கழுத்தில் மரக்கொட்டை மாலை. எதிரே தெர்மாகோலில் செய்த மண்டை ஓடு. நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். எலுமிச்சம்பழங்களை ஒரு தட்டில் அடுக்கி வைத்திருந்தார்கள். குரங்குகள் வந்து எடுத்து, கடித்துப் பார்த்து, முகத்தைச் சுளித்து எறிந்துவிட்டுப் போயின. மிச்சத்தை வைத்துச் சமாளித்தார்கள்.

டைரக்டர் இவரிடம் விளக்கினார்: "நிஜ மந்திரம் எதுவும் வேண்டாம் சார், யாராவது வருத்தப்படுவாங்க. உதடு வேகமா அசைஞ்சாப் போதும். குரலை அப்புறம் டப்பிங்கில் பாத்துக்கலாம். மூச்சு விடாம எதையாவது சொல்லிக்கிட்டே இருங்க."

எதையாவது என்றால் எதை? இவர் முதலில் வாய்ப்பாடு சொன்னார். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரித் தலையும் சேர்ந்து ஆடியது. கந்த சஷ்டி என்று தொடங்கினார். "ஐயோ சார், அது வேண்டாம்" என்றார்கள். தேசிய கீதம் பாடலாமா என்றார்; அதற்கு எல்லோரும் எழுந்து நிற்க வேண்டியதாகிவிடும். இவருக்கு வேர்த்துக் கொட்டியது. "ஒரு நிமிசம் இருங்க" என்று கண்ணை மூடினார். பிறகு அடித்தொண்டையிலிருந்து வந்தது:

"வாழவந்தீ... நாகலூரு... செம்மடுவு... மஞ்சக்குட்டே... கதவு பூட்டு! நாய் உண்டு! வாழவந்தீ... நாகலூரு..."

ரீடிங் எடுக்கப் போகிற ஊர்கள். வீடு பூட்டியிருந்தால் ஒரு குறிப்பு, நாய் இருந்தால் அடுத்து வருகிறவருக்கு ஓர் எச்சரிக்கை. வாழ்நாள் முழுக்க அவர் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது அதுதான் போலிருக்கிறது. வேகம் ஏற ஏறக் கண் தானாகவே சொருகியது, தாடி துடித்தது. சிரித்துக்கொண்டிருந்த லைட்காரர்கள்கூட அடங்கிவிட்டார்கள். "கட்" சொன்னதும் எல்லோரும் கைதட்டினார்கள். இவர் என் பக்கம் திரும்பி, "பரவாயில்லீங்களா அம்மிணி?" என்று கேட்டார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னிடம் அப்படிக் கேட்டது அன்றுதான்.

வந்தவர்கள் போனார்கள். இவர் மட்டும் அதிலேயே இருந்தார். கண்ணாடி முன்னால் நின்று ஒன்றுமே செய்யாமல் பார்ப்பது எப்படி என்று பழகிக்கொண்டிருப்பார். பக்கத்து டீக்கடைக்காரரிடம், "அடுத்த மாசம் வந்துருமுங்க" என்று மாசா மாசம் சொன்னார். டீக்கடைக்காரரும் மாசா மாசம் "அப்படிங்களா, நொம்ப சந்தோசம்" என்றார்.

ஒரு வழியாகப் படம் வந்தது. சேலத்தில் ஒரு தியேட்டரில் பகல் காட்சி மட்டும். டீக்கடைக்காரர் வேன் ஏற்பாடு செய்ய, எங்கள் தெருவே கிளம்பியது. சேலத்தில் வேலை பார்க்கும் மகள் வாசலில் காத்திருந்தாள். இவர் வெள்ளைச் சட்டை போட்டு, தாடியைச் சீவி, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி நின்றார். எங்களைத் தவிர உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பையன்கள். வகுப்பை விட்டுவிட்டு ஏசிக்காக வந்தவர்கள் என்று பார்த்தாலே தெரிந்தது.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்துக்குப் பயமாகத்தான் இருந்தது. அதாவது, பயப்பட எல்லோரும் தயாராக இருந்தார்கள். பேய் முதல்முறை வரும்போது ராத்திரி. ஆனால் அதைப் பகலில் எடுத்து நீலமாக மாற்றியிருந்தார்கள். பேயின் நிழல் தரையில் கச்சிதமாக விழுந்தது. "ஏய், உச்சி வெயிலு, உள்ள போம்மா, கறுத்துருவ!" என்று முன் வரிசையில் ஒருவன் கத்தினான். அதோடு போயிற்று. அதற்கப்புறம் பேய் வரும்போதெல்லாம் சிரிப்பு. ரத்தத்துக்கு வெல்லப்பாகு வைத்திருந்தார்கள். பிணமாகக் கிடந்தவரின் கன்னத்தில் எறும்பு ஊர்ந்தது, பிணம் கன்னத்தைச் சுளித்தது. அதற்கும் சிரிப்பு.

இவர் வந்தார். பங்களாவை நோக்கிக் கறுப்பு வேட்டியில் நடந்து வருகிறார். பின்னணியில் உடுக்கைச் சத்தம். எங்கள் வரிசை கைதட்டியது. பையன்களும் கைதட்டி எழுந்து விசில் அடித்தார்கள். எனக்கு ஒரு கணம் பெருமை தாங்கவில்லை. அப்புறம்தான் பார்த்தேன். இவருக்குப் பின்னால், காப்பிச் செடிகளுக்கு நடுவில், ஒரு காட்டெருமை நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. எடுக்கும்போது ஒருவர் கண்ணிலும் படவில்லை. திரையில் யானை மாதிரி தெரிந்தது. "தலைவா! தலைவா!" என்று பையன்கள் கூச்சலிட்டார்கள். காட்டெருமையைத்தான்.

மந்திரக் காட்சி வந்தது. டப்பிங்குக்குப் பணமில்லாமல் போயிருக்க வேண்டும். இவருடைய குரலையே வைத்து எதிரொலி மட்டும் சேர்த்திருந்தார்கள். "வாழவந்தீ... தீ... தீ..." என்று தியேட்டர் அதிர்ந்தது. சேலத்துப் பையன்களுக்கு முதலில் புரியவில்லை. உண்மையிலேயே அமைதியாகிவிட்டார்கள். அப்போது எங்கள் டீக்கடைக்காரர் தாங்க முடியாமல் எழுந்து, "அட, நம்ம பஸ்சு ரூட்டுங்க இது!" என்று கத்திவிட்டார். சரியாக அந்த நேரம் பார்த்துத் திரையில் இவர் கண்களை உருட்டி, "கதவு பூட்டு! நாய் உண்டு!" என்றார். தியேட்டர் வெடித்தது. என் மகள் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நான் இவர் பக்கம் திரும்பினேன். டாக்டர் கூப்பிடுவதற்காகக் காத்திருப்பவர் மாதிரி, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்து, நேராகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் பையன்கள் சூழ்ந்துகொண்டார்கள். "மந்திரவாதி அண்ணே, ஒரு செல்ஃபி!" என்றார்கள். ஒவ்வொருவரோடும் நின்றார். "நாய் உண்டு சொல்லுங்கண்ணே" என்றார்கள். அதைச் சொல்லவில்லை. "போயிட்டு வரோம் தம்பி" என்று மட்டும் சொன்னார். வேனில் கொண்டை ஊசி வளைவுகளில் நாங்கள் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்தோம்.  ஊர் எல்லை வந்ததும், "அந்தப் புள்ளக்கி மனசு எப்படி இருக்கும்?" என்றார். டைரக்டரைச் சொல்கிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

அதற்கப்புறம் சில நாட்கள் கடைக்கு வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற அவரைக்கொடிப் பந்தலைப் பிரித்துக் கட்டினார். நல்ல பந்தல், பிரித்துக் கட்ட வேண்டிய அவசியமே இல்லை. ரேடியோவை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டார். டீக்கடைக்காரர் என்னிடம் வந்து தலையைச் சொறிந்தார். "நாந்தான் வாயி அடங்காம கத்திப்புட்டனுங்க. அவரு எம்மேல வருத்தமா இருக்காருங்களா?" இல்லை என்றேன். உண்மையில் எனக்கே தெரியாது.

வார விடுமுறைக்கு வந்த மகள்தான் அந்த இறுக்கத்தை உடைத்தாள். படத்தைப் பற்றி ஒருவர் காருக்குள் உட்கார்ந்து பேசும் வீடியோ வந்திருக்கிறது, அப்பாவைப் பற்றியும் இருக்கிறது என்றாள். வேண்டாம் என்று நான் கண்ணைக் காட்டினேன். "போடு கண்ணு, பாக்கலாம்" என்றார் இவர், கையில் பந்தல் கயிற்றோடு.

வீடியோவில் பேசியவர் படத்தைப் பிரித்து மேய்ந்தார். பேயின் நிழல், எறும்பு, ஒன்றையும் விடவில்லை. பிறகு சொன்னார்: "மந்திரவாதின்னு ஒருத்தரக் கூட்டிட்டு வந்திருக்காங்க பாருங்க. சத்தியமா சொல்றேன், அவரப் பாத்தா பேய ஓட்ட வந்த மாதிரியே இல்லைங்க. மீட்டர் ரீடிங் எடுக்க வந்த மாதிரி இருக்காரு."

மகள் போனை அணைக்கப் போனாள். இவர் அவள் கையைப் பிடித்தார். "இன்னொருக்கா போடு."

மறுபடி போட்டாள். "மீட்டர் ரீடிங் எடுக்க வந்த மாதிரி இருக்காரு."

"எப்பிடிக் கண்டுபுடிச்சான்?" என்றார் இவர். முகத்தில் உண்மையான ஆச்சரியம். "மொகத்துல எழுதியா ஒட்டியிருக்குது? எவனோ சென்னையில ஒக்காந்துக்கிட்டு... அம்மிணி, எப்பிடிக் கண்டுபுடிச்சான்?" பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவரைப் பந்தலுக்குக் கீழேயே உட்கார்ந்துவிட்டார். சிரித்து, இருமி, மறுபடி சிரித்தார். நாங்களும் சிரித்தோம். தியேட்டரில் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அன்றைக்குத்தான் எனக்கு வெளியே வந்தது.

மறுநாள் கடைக்கு வந்தார். அவர் வீட்டுக்குள் இருந்த நாட்களில் படம் செல்போன்களுக்கு வந்து மலை முழுக்கப் பரவியிருந்தது. வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்துச் சிரித்த காரணமே வேறு. இங்கே யாரும் கதையைப் பார்க்கவில்லை. "அது எங்க தோட்டத்து வேலிங்க", "அந்தப் பேயி ஓடறப்ப பின்னால தெரியுதில்ல, அது எங்க சித்தப்பா ஊட்டு மாடுங்க" என்று படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். மந்திரத்தில் எந்த ஊர் பெயர் வந்ததோ அந்த ஊரில் படம் வெற்றி. பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் "வாழவந்தீ... தீ... தீ..." என்று எதிரொலியோடு ஆள் கூப்பிட்டார்கள். யார் வீட்டுக் கதவையாவது தட்டித் திறக்காவிட்டால் "கதவு பூட்டு!" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கொட்டச்சேட்டிலிருந்து மட்டும் இரண்டு பேர் கொஞ்சம் கடுத்த முகத்தோடு வந்தார்கள்.

"ஏனுங்க, எங்க ஊருக்கு நீங்க ரீடிங்கு எடுக்க வந்ததே இல்லீங்களா?"

"வந்தேனுங்களே. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா தவறாம வந்தேன்."

"பின்ன எங்க ஊரு பேர மட்டும் ஏனுங்க உட்டுப்புட்டீங்க? பொண்டு புள்ளைக எல்லாம் கேக்குது."

இவர் பதறிவிட்டார். அந்த வரிசையில் கொட்டச்சேடும் சொன்னதாகவும், எடிட்டிங்கில் போய்விட்டதாகவும் சத்தியம் செய்தார். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. வந்தவர்கள் சமாதானமாகி ஆளுக்கொரு காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். படத்தில் விட்டுப்போன பெயர் இங்கேயாவது வரட்டும் என்று எழுதியிருக்கிறேன்.

இப்படி எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெண் வந்தாள். வாழவந்தியிலிருந்து காலை பஸ்ஸில், எஸ்டேட் வேலைக்குப் போகிற பெண். கூடவே இரண்டாவதோ மூன்றாவதோ படிக்கிற மகள். கடை வாசலில் தயங்கி நின்றார்கள்.

"அக்கா, பேய்ப் படத்துல வந்தாருங்களே, அவரு ஊடு எதுங்க?"

தாயத்து கேட்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அதற்கும் ஒன்றிரண்டு பேர் வந்து போயிருந்தார்கள். "அவரு சும்மா நடிச்சாரும்மா. ஒண்ணும் தெரியாது அவருக்கு" என்றேன்.

"அது தெரியுமுங்கக்கா. அதத்தான் இவகிட்ட அவரே சொல்லோணும். ஒரு வாரத்துக்கு முந்தி எந்தம்பி போனுல இந்தப் படத்தக் காட்டிப்புட்டான். அன்னியிலருந்து தனியா பாத்ரூமுக்குக் கூடப் போக மாட்டேங்கறா. நானு வேலைக்குப் போறதா, இவளுக்குக் காவலு நிக்கறதா? நொம்ப வெசனமா இருக்குதுங்க."

உள்ளே மூட்டை அவிழ்த்துக்கொண்டிருந்த இவர் கேட்டுவிட்டார். வெளியே வந்தார். குழந்தை அம்மாவின் சேலைக்குள் புகுந்துகொண்டது. இவர் குனிந்து, "நெசமாவே பயந்துட்டயா சாமி?" என்று கேட்டார். கவலையாகக் கேட்க வேண்டிய கேள்வி. முகம் முழுக்க வெளிச்சம்.

நான் இருமினேன். அவர் முகத்தைச் சரிசெய்துகொண்டார். ஆனாலும் ஆசை விடவில்லை. "எதப் பாத்துப் பயந்த கண்ணு? என்னையவா?"

சேலைக்குள்ளிருந்து தலை இல்லையென்று ஆடியது.

"அப்ப அந்தப் பேயி?"

அதற்கும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண் மட்டும் வெளியே வந்தது. "கதவு" என்றது.

எந்தக் கதவு என்று எனக்கு நினைவில்லை. இவருக்கு உடனே தெரிந்தது. படத்தில் வருகிற புதுப்பெண் கடைக்குப் போய்விட்டு பங்களாவுக்குத் திரும்பி வருவாள். சாவியை மேசையில் வைப்பாள். உள்ளே போவாள். கேமரா அப்படியே நிற்கும். அவளுக்குப் பின்னால் வாசல் கதவு மெதுவாகத் தானாகச் சாத்திக்கொள்ளும். பேய் இல்லை, சத்தம் இல்லை. தியேட்டரில் அந்த இடத்தில் பையன்கள் அடுத்த சிரிப்புக்காகக் காத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

"ஆருமே இல்ல. கதவு மட்டும் சாத்திக்கிச்சு" என்றது குழந்தை.

"ஆரு சொன்னா? ஆளு இருந்துச்சு" என்றார் இவர். கடைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. அவர்களை அங்கே கூட்டிப்போனார். அவரைப் பந்தலுக்கு வாங்கியதில் மீந்த கயிற்றை எடுத்து வாசல் கதவின் கீழ்மூலையில் கட்டினார். மறுமுனையைக் குழந்தையிடம் கொடுத்து, சுவருக்குப் பின்னால் தரையில் படுக்கச் சொன்னார். "இப்ப இழு. மெதுவா. மெதுவா, சாமி."

கதவு சாத்திக்கொண்டது.

 பிறகு கதவு திறந்தது, மறுபடி சாத்திக்கொண்டது. மறுபடி. குழந்தை அம்மாவை உள்ளே உட்காரவைத்துச் சாத்தியது. என்னை உள்ளே உட்காரவைத்துச் சாத்தியது. நான் "ஐயோ" என்று கத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது, கத்தினேன். போதவில்லை என்று இன்னொரு முறை கத்தவைத்தது.

"அப்ப படத்துல ஆரு கயித்த இழுத்தா?" என்று கேட்டது கடைசியில்.

"டைரக்டர் மாமாதான். தரையில படுத்துக்கிட்டு. எறும்பு கடிச்சு எந்திரிச்சு ஓடுனாரு."

குழந்தை அப்போதுதான் சிரித்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று அம்மா இழுத்துக்கொண்டு போனாள். கயிற்றை அது கையோடு கொண்டுபோய்விட்டது. இவர் வெகுநேரம் வாசலிலேயே நின்றார். "ஒரு வாரமா பயந்திருக்குது அம்மிணி" என்றார். அனுதாபப்படுகிறாரா பெருமைப்படுகிறாரா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல்.

சில மாதங்கள் கழித்து, நல்ல மூட்டமான ஒரு காலையில் டைரக்டர் வந்தார். ஆள் இளைத்திருந்தார். ஏதோ துணிக்கடை விளம்பரத்துக்கு இடம் பார்க்க வந்தாராம். முதலில் இவரிடம் மன்னிப்புக் கேட்டார். "டப்பிங் பண்ணிடலாம்னுதான் சார் இருந்தேன். கடைசியில கையில ஒண்ணுமில்ல. உங்களக் கேலிப்பொருளா ஆக்கிட்டேன்."

"அட உடுங்க தம்பி. கண்டக்டருங்க எல்லாம் இப்ப நம்ம மந்திரத்தத்தான் சொல்றாங்க."

டைரக்டர் சிரித்தார். ஆனால் சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை. மூன்றாம் பாகம் கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். படம் வந்த பிறகு யாரும் போன் எடுப்பதில்லையாம். "பேய்ப் படம் எடுத்து ஊரையே சிரிக்கவெச்சவன்னு என்னைச் சொல்றாங்க சார். ஒருத்தராவது பயந்திருந்தா..."

"பயந்தாங்களே" என்றார் இவர்.

டைரக்டர் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார்.

இவர் எல்லாவற்றையும் சொன்னார். நிதானமாக, முதலிலிருந்து. டைரக்டர் நடுநடுவே மறித்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். "எந்த சீன் சார்? கதவா? நிஜமாவா? சாவி வெக்கிற எடமா, கதவு அசையிற எடமா?" எல்லோரும் அந்தக் காட்சியை வெட்டச் சொன்னார்களாம், ஒன்றுமே நடக்கவில்லை என்று. டைரக்டர்தான் பிடிவாதமாக வைத்தாராம். "பாத்ரூமுக்குக் கூடவா போகல?" என்று என்னிடம் திரும்பிக் கேட்டார். ஆமாம் என்றேன். "அம்மா துணையில்லாம?" ஆமாம் என்றேன்.

சட்டென்று எழுந்து போனை எடுத்துக்கொண்டு வெளியே மூட்டத்துக்குள் போய்விட்டார். ஆள் தெரியவில்லை. குரல் மட்டும் கணீரென்று கேட்டது. படத்தை எடிட் செய்த நண்பராக இருக்க வேண்டும்.

"டேய், ஒரு கொழந்தடா! ஒரு வாரம்டா! தனியா பாத்ரூம் போகலடா!"

ஏரிப் பக்கம் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பம் நின்று திரும்பிப் பார்த்தது. அந்த அம்மாள் கடைக்குள் எட்டிப் பார்த்து, அவருக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள். "நல்ல சேதி வந்திருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, அவர்களுக்கு மிளகு எவ்வளவு வேண்டும் என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.